மைக் சத்தம் தானாகவே குறையுதா? டவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

"சார், நான் பேசுறது கேட்குதா?"

"கேட்கலை. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில் உள்ள கரியாலூர். சொந்த ஊருக்கு வந்திருக்கும் ஓர் இளைஞர், லேப்டாப்பைத் திறந்து சென்னை நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்காருகிறார். முதல் ஐந்து நிமிடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. தன்னைப் பற்றிச் சொல்லி முடித்து, முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். எதிர்முனையில் இருப்பவர் காதைக் கூர்மையாக்குகிறார். இளைஞர் குரலை உயர்த்துகிறார். பிறகு கத்துகிறார். மழை விட்ட பிறகும் அவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலத்தான் கேட்கிறது. "மலையில நெட்வொர்க் பிரச்சினை போல. இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று கால் கட்டாகிறது.

இன்னொரு நாள் வருமா, வராதா என்பது அந்த இளைஞருக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. வீடியோ கடைசி வரை தெளிவாகத்தான் ஓடியது. எதிர்முனையின் பேச்சும் அவருக்கு நன்றாகவே கேட்டது. லேப்டாப்பின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்திருந்தால், 100-ல் வைத்திருந்த மைக் அளவு தானாகவே பாதிக்கும் கீழே இறங்கியிருப்பது தெரிந்திருக்கும்.

அவர் கை வைக்கவே இல்லை. அப்படியென்றால் அதைக் குறைத்தது யார்?

எல்லாப் பழியும் டவர் மேலேயா?

மலைப்பகுதியில் கால் சரியாக இல்லை என்றால் முதல் சந்தேகம் சிக்னல் மேல்தான் போகும். அதற்கு நியாயமும் இருக்கிறது. கொரோனா ஊரடங்குக் காலத்தில், ஆன்லைன் வகுப்புக்காக மலைக்கிராம மாணவர்கள் மேடு தேடி ஏறிய கதைகளைத் தமிழ்நாடு நிறையவே கேட்டது. நாடு முழுவதும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குச் சேவை கொண்டு செல்ல 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில்தான் ஒப்புதல் கொடுத்தது.

ஆனால் சிக்னல் கோளாறுக்கும் மைக் கோளாறுக்கும் அறிகுறிகள் வேறு வேறு. கொஞ்சம் கவனித்தால் பிரித்துவிடலாம்.

சிக்னல் பிரச்சினை என்றால் குரல் விட்டு விட்டு வரும். பாதி வார்த்தை காணாமல் போகும். ரோபோ மாதிரி ஒலிக்கும். வீடியோ உறைந்து நிற்கும். நீங்கள் சொன்னது சில நொடி கழித்துத்தான் அங்கே போய்ச் சேரும்.

மைக் பிரச்சினை என்றால் குரல் அறுபடாது. வார்த்தைகள் முழுசாகவே போகும். ஆனால் போகப் போகச் சன்னமாகிக்கொண்டே வரும். கால் தொடங்கும்போது சரியாக இருந்து, பத்து நிமிடத்தில் "கேட்கலை" என்று ஆகிவிட்டால், வீடியோவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், சந்தேகத்தை லேப்டாப் பக்கம் திருப்புங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜூம் நிறுவனம் சொல்லும் அளவுப்படி, குரல் மட்டும் போகும் காலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். இருவர் பேசும் தரமான வீடியோ காலுக்கு 600 கிலோபிட் வேண்டும். அதாவது, வீடியோ தடங்கலின்றி ஓடும் இணைப்பில் குரல் மட்டும் போகாமல் இருப்பதற்கு நெட்வொர்க் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

லேப்டாப்புக்குள் ஒரு மைக் செட் அண்ணன்

ஊர்த் திருவிழாவில் மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மைக் செட் அண்ணனை எல்லோரும் பார்த்திருப்போம். பாடுபவர் மைக்கை வாயருகே கொண்டுபோனால் அவர் குமிழைக் கொஞ்சம் இறக்குவார். பேச்சாளர் தள்ளி நின்றால் ஏற்றுவார். திடீரென்று யாராவது கத்தினால் பாக்ஸ் கிழியாமல் இருக்கச் சட்டென்று குறைப்பார்.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் 'ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல்'. சுருக்கமாக ஏஜிசி. உள்ளே வரும் குரலின் அளவைத் தொடர்ந்து அளந்து, அதிகமானால் குறைப்பதும், குறைந்தால் கூட்டுவதும் இதன் வேலை.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1925-ல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் வீலர், ரேடியோ பெட்டிகளுக்காக இந்த யோசனையைக் கொண்டுவந்தார். அருகில் இருக்கும் நிலையம் காதைப் பிளக்கும், தூரத்து நிலையம் முணுமுணுக்கும். ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகாமல் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு டேப் ரெக்கார்டர், செல்போன் என்று எல்லாவற்றுக்குள்ளும் இது புகுந்தது.

இப்போது ஆன்லைன் கால்களில் பரவலாக இருப்பது வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம். கூகுள் 2011-ல் இதன் மூலக்குறியீட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் இது இணையத்தின் அதிகாரப்பூர்வத் தரநிலையாகவும் ஆனது. பிரவுசர் வழியாகப் பேசும் கால்கள் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன. எதிரொலியை நீக்குவது, இரைச்சலைக் குறைப்பது, சத்தத்தைச் சீராக்குவது என்று குரலுக்கு மூன்று வேலைகளை இது செய்கிறது. மூன்றாவது வேலைதான் ஏஜிசி.

இந்த ஏஜிசி இரண்டு இடங்களில் கை வைக்கலாம். ஒன்று, ஆப்புக்குள் வந்த குரலை மட்டும் கூட்டிக் குறைப்பது. இது வெளியே தெரியாது. இன்னொன்று, விண்டோஸிலோ மேக்கிலோ இருக்கும் மைக் ஸ்லைடரையே பிடித்து இழுப்பது. நீங்கள் 100-ல் வைத்தது 40-க்கு வந்து நிற்பது இப்படித்தான்.

கத்தினால் ஏன் இன்னும் குறைகிறது?

இதுதான் பலருக்கும் தெரியாத இடம்.

மைக்குக்குள் வரும் ஒலியை எண்களாக மாற்றும்போது ஓர் உச்ச எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். கரகரவென்று கேட்கும். தொழில்நுட்ப உலகில் இதற்குக் 'கிளிப்பிங்' என்று பெயர். ஏஜிசிக்குப் பெரிய பயமே இதுதான். கிளிப்பிங் வருகிறது என்று தெரிந்ததும் மைக்கை இறக்கிவிடும்.

வெப்ஆர்டிசியின் மூலக்குறியீட்டில் நீண்ட காலமாக இருந்துவரும் இயல்பு அளவுகளைப் பார்த்தால் இது புரியும். மைக் அளவை 0 முதல் 255 வரையிலான படிகளாக அது எடுத்துக்கொள்கிறது. கிளிப்பிங் அதிகமானால் ஒரே தடவையில் 15 படி இறக்கும். அடுத்து இறக்குவதற்குச் சுமார் 3 நொடி காத்திருக்கும். சதவீதத்தில் சொன்னால், 100-ல் இருந்த ஸ்லைடர் 94, 88, 82 என்று படிப்படியாக இறங்கும்.

இப்போது அந்த இன்டர்வியூவுக்குத் திரும்பி வரலாம். கூரையில் மழைச் சத்தம் விழுந்ததும் ஏஜிசி மைக்கை இறக்குகிறது. "கேட்கலை" என்கிறார் எதிரில் இருப்பவர். இளைஞர் கத்துகிறார். கத்தியதில் கிளிப்பிங் வருகிறது. ஏஜிசி இன்னும் இறக்குகிறது. மறுபடியும் "கேட்கலை". இன்னும் பலமாகக் கத்துகிறார். இப்படியே சுற்றிச் சுற்றி, கடைசியில் சாதாரணக் குரலில் பேசினால் எதுவுமே போய்ச் சேராத நிலை வந்துவிடுகிறது. குறைத்த அளவை ஏஜிசி திரும்ப ஏற்றும்தான். ஆனால் இறக்கும்போது இருக்கும் அவசரம் ஏற்றும்போது இருக்காது.

அதனால் முதல் விதி: கேட்கலைன்னு சொன்னா கத்தாதீங்க. மைக்குக்குக் கொஞ்சம் பக்கத்துல போங்க. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், மைக்கில் விழும் குரலின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தொண்டையும் தப்பிக்கும். பின்னணிச் சத்தத்தைவிட உங்கள் குரல் தூக்கலாகவும் கேட்கும்.

குறைப்பது யார்? கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை

செட்டிங்ஸை மாற்றுவதற்கு முன், குற்றவாளி யார் என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். 'இன்புட் வால்யூம்' என்ற ஸ்லைடர் தெரியும். அதை 80-ல் வையுங்கள். அந்த விண்டோவை மூடாமல், நண்பர் ஒருவருக்கு வழக்கமான ஆப்பில் கால் போடுங்கள். சாதாரணமாகப் பேசுங்கள், கொஞ்சம் சத்தமாகவும் பேசிப் பாருங்கள்.

ஸ்லைடர் உங்கள் கண் முன்னாலேயே நகர்ந்தால், அந்த ஆப்தான் இழுக்கிறது. ஸ்லைடர் நகரவில்லை, ஆனாலும் நண்பருக்குக் குரல் குறைகிறது என்றால், ஆப்புக்குள்ளோ லேப்டாப்பின் டிரைவருக்குள்ளோ வேலை நடக்கிறது.

அடுத்து, கால் எதுவும் இல்லாமல் வாய்ஸ் ரெக்கார்டரில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதிலும் குரல் ஏறி இறங்கினால் டிரைவர் அல்லது மைக் பக்கம் பிரச்சினை. பதிவு சீராக இருந்தால் ஆப் பக்கம் போங்கள். இந்தச் சோதனைக்கு நெட்டே தேவையில்லை என்பதால், டவர் இல்லாத இடத்திலும் செய்யலாம்.

ஆப்களில் நிறுத்துவது எப்படி?

ஜூம்: கம்ப்யூட்டர் ஆப்பில் செட்டிங்ஸ், ஆடியோ. மைக்ரோஃபோன் பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக்ரோஃபோன் வால்யூம்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஸ்லைடரை நீங்களே வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்: செட்டிங்ஸ், டிவைசஸ். 'ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக் சென்சிடிவிட்டி' என்பதை ஆஃப் செய்யுங்கள்.

டிஸ்கார்ட்: யூசர் செட்டிங்ஸில் 'வாய்ஸ் அண்ட் வீடியோ'. அதில் 'ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல்' என்ற பெயரிலேயே இருக்கிறது.

கூகுள் மீட்: இது பிரவுசருக்குள் ஓடுவதால் கொஞ்சம் சிக்கல். பிரவுசர்தான் ஸ்லைடரை நகர்த்துகிறது. குரோமின் 'ஃப்ளாக்ஸ்' என்ற சோதனைப் பக்கத்தில் 'அலோ வெப்ஆர்டிசி டு அட்ஜஸ்ட் தி இன்புட் வால்யூம்' என்ற தேர்வு சில பதிப்புகளில் வந்திருக்கிறது. உங்கள் பதிப்பில் இருந்தால் 'டிசேபிள்டு' என்று மாற்றி, பிரவுசரை மூடித் திறந்தால் போதும். இல்லையென்றால் கீழே வரும் விண்டோஸ் வழிகளைப் பாருங்கள்.

விண்டோஸில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

முதலாவது, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ். மேலே சொன்ன அதே மைக் பக்கத்தில் இது இருக்கும். 'ஆஃப்' செய்யுங்கள். லேப்டாப் நிறுவனம் தனியாக 'ஏஐ நாய்ஸ் கேன்சலேஷன்' போன்ற ஆப் கொடுத்திருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். ஆப் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குமிழைத் திருகினால் குரல் அலைபாயும்.

இரண்டாவது, மைக்ரோஃபோன் பூஸ்ட். சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதில் ரெக்கார்டிங், உங்கள் மைக், பிராப்பர்ட்டீஸ், லெவல்ஸ் என்று போங்கள். பல லேப்டாப்களில் மைக்குக்குக் கீழே 'பூஸ்ட்' என்று இன்னொரு ஸ்லைடர் இருக்கும். இது 20 டெசிபல் என்றால் ஒலி அலையின் உயரம் 10 மடங்கு, 30 டெசிபல் என்றால் 30 மடங்குக்கும் மேல் பெரிதாக்கப்படுகிறது. இவ்வளவு பூஸ்ட் வைத்தால் சாதாரணப் பேச்சே எல்லையைத் தாண்டிவிடும். ஏஜிசி விடாமல் இறக்கிக்கொண்டே இருப்பதற்குப் பல நேரம் மூலகாரணம் இதுதான். பூஸ்ட்டை 0 அல்லது 10-க்கு இறக்கி, மேலே உள்ள மைக் ஸ்லைடரை ஏற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, எக்ஸ்க்ளூசிவ் மோட். அதே பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' டேப். ஆப்கள் இந்தக் கருவியைத் தனிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடலாம். சிலருக்கு இதுவே போதும். ஆனால் தனிக் கட்டுப்பாடு இல்லாமலும் ஸ்லைடரை நகர்த்தும் ஆப்கள் உண்டு என்பதால், இதை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அதே சவுண்ட் விண்டோவில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு டேப் இருக்கிறது. மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கவா, 50 சதவீதம் குறைக்கவா, ஒன்றும் செய்ய வேண்டாமா என்று கேட்கும். அதில் 'டூ நத்திங்' வைத்தால் மைக் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது, கால் வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, வீடியோ சத்தத்தைக் குறைப்பதற்கான செட்டிங். மைக் ஸ்லைடரை அது கட்டிப்போடாது.

எல்லாம் செய்தும் ஸ்லைடர் இறங்கினால் கடைசி வழி ஒன்று உண்டு. நிர்சாஃப்ட்டின் சவுண்ட்வால்யூம்வியூ போன்ற இலவசக் கருவிகளால் மைக் அளவைக் கமாண்ட் மூலம் மாற்றலாம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அதைச் சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளியில் பழைய அளவுக்கே கொண்டுவர முடியும். சொந்த லேப்டாப் என்றால் செய்யலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமைக் கேட்காமல் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட் என்று போனால் ஸ்லைடர் இருக்கும். பெரும்பாலும் ஆப் பக்கம் ஏஜிசியை ஆஃப் செய்தாலே நின்றுவிடும். காலில் இருக்கும்போது மெனு பாரில் 'மைக் மோட்' வரும். மழை, மின்விசிறிச் சத்தம் இருந்தால் 'வாய்ஸ் ஐசொலேஷன்' உதவும்.

லினக்ஸில் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' கருவியின் இன்புட் டேப்பைத் திறந்து வைத்தால், ஸ்லைடர் நகர்வதை நேரிலேயே பார்க்கலாம். பைப்வயர் பயன்படுத்தும் புதிய பதிப்புகளில், குறிப்பிட்ட ஆப் மட்டும் மைக் அளவை மாற்ற முடியாதபடி 'பிளாக் சோர்ஸ் வால்யூம்' என்ற விதியைச் சேர்க்க வழி இருக்கிறது.

போனில் பேசுபவர்கள் என்ன செய்யலாம்?

போனில் மைக் ஸ்லைடர் பொதுவாகக் கிடையாது. ஏஜிசி உள்ளேயே வேலை செய்யும். அதை நிறுத்துவதைவிட அதற்கு நல்ல குரலைக் கொடுப்பதுதான் சுலபம்.

மைக் துளையைப் பேக் கேஸோ விரலோ மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் இரைச்சலைப் பிரித்தெடுக்க மேல்பக்கம் இன்னொரு மைக் இருக்கும். அதையும் மூடக் கூடாது. வயர் வைத்த ஹெட்செட் இருந்தால் அதை மாட்டுங்கள். மைக் எப்போதும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும், ஏஜிசிக்கு ஏற்றி இறக்க வேலையே இருக்காது. ஐபோனில் கால் நடக்கும்போது கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் 'வாய்ஸ் ஐசொலேஷன்' கிடைக்கும்.

எல்லோரும் நிறுத்தித்தான் ஆகணுமா?

வேண்டாம். அமைதியான அறையில் உட்கார்ந்து பேசுபவருக்கு ஏஜிசி நல்ல நண்பன். நாற்காலியில் சாய்ந்தாலும் முன்னால் வந்தாலும் குரலைச் சமன் செய்துவிடும். அதை நிறுத்திவிட்டால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. தூரத்தை நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

ஆனால் மழை, காற்று, பக்கத்து வீட்டு மிக்ஸி என்று சத்தம் திடீர் திடீரென்று வரும் இடத்தில் இருப்பவர்கள், பாட்டு வகுப்பு எடுப்பவர்கள், பாட்காஸ்ட் பதிவு செய்பவர்கள், தனி மைக் வாங்கி வைத்திருப்பவர்கள் நிறுத்திவிடுவது நல்லது.

முக்கியமான காலுக்கு முன் ஐந்து நிமிடம்

1. ஆப்பில் ஆட்டோ அட்ஜஸ்ட்டை ஆஃப் செய்யுங்கள்.

2. பூஸ்ட்டைக் குறைத்து, மைக் ஸ்லைடரை 80 வாக்கில் வையுங்கள்.

3. விண்டோஸ் 11-ல் மைக் பக்கத்தில் உள்ள 'ஸ்டார்ட் டெஸ்ட்' பட்டனை அழுத்திச் சாதாரணமாகப் பேசுங்கள். பேச்சு எத்தனை சதவீதத்தைத் தொட்டது என்று காட்டும். 70 சதவீதத்தை ஒட்டி வந்தால் போதும். 100-ஐத் தொட்டால் ஸ்லைடரை இறக்குங்கள்.

4. நண்பருக்கு ஒரு கால் போட்டு, தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கழித்தும் குரல் ஒரே அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

5. காலின் நடுவே "கேட்கலை" என்று வந்தால், கத்துவதற்கு முன் சவுண்ட் பக்கத்தைத் திறந்து ஸ்லைடரைப் பாருங்கள். இறங்கியிருந்தால் ஏற்றிவிட்டு, "இப்ப கேட்குதா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள்.

இன்று இன்டர்வியூ மட்டுமல்ல, டாக்டர் ஆலோசனை, கல்லூரி வகுப்பு, நீதிமன்ற விசாரணை வரை எல்லாமே அந்தச் சின்ன மைக் துளை வழியாகப் போகிறது. கரியாலூரில் இருந்து பேசுபவருக்குத் தன் பக்கத்தைச் சொல்லச் சில சமயம் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். டவரை அவரால் மாற்ற முடியாது. அந்த டிக்கை எடுக்க முடியும்.